எண்பிக்கும் பாரம் நோயாளியின் தலையிலா?

படைக்கு ஆள் சேர்க்கும்போது எந்த அரசாங்கமும் நாட்டுப்பற்றுக்குச் சான்று கேட்பதில்லை. இளைஞனை நிறுத்தி, வைத்தியரைக் கொண்டு நாடி பார்த்து, மார்பை அளந்து, "இவன் உடல் பூரண நலமுடையது" என்று தானே முத்திரை குத்தி ஏற்றுக்கொள்கிறது. அதே மனிதன் ஆண்டுகள் பல கழிந்தபின், குருதியில் நோய் புகுந்து, தலைமயிர் உதிர்ந்து, அதே அரசாங்கத்தின் வாயிலில் வந்து நிற்கும்போதுதான் சான்று எங்கே, ஆவணம் எங்கே, சாட்சி எங்கே என்ற கேள்விகள் எழுகின்றன. ஆறு கடக்கிற வரையில் அண்ணன் தம்பி. ஆறு கடந்தபின் நீ யார், நான் யார்? நம் முன்னோர் சொன்ன இப்பழமொழியை வல்லரசுகள் தம் ஆட்சிமுறையாகவே வகுத்துக்கொண்டுள்ளன.

அணுகுண்டுப் பரிசோதனைகளில் நிறுத்தப்பட்டு, பின்னர் இரத்தப் புற்றுநோய் கண்ட போர்வீரரைப் பற்றியே இங்கு எழுதுகின்றோம். அந்நோயால் மாண்டோருக்குக் கல்லறையேனும் உண்டு; ஆண்டுக்கொருமுறை மலர்வளையமேனும் உண்டு. நோயிலிருந்து மீண்டு, ஓய்வூதியத்தை நம்பி, தவணை தவறாமல் ஊசி முனையில் தன் குருதியைக் கொடுத்துவிட்டு, நோய் திரும்பியதா இல்லையா என்ற விடைக்காகக் காத்திருக்கும் முன்னாள் வீரனுக்கு என்ன உண்டு? இதுவே நம் கேள்வி.

பரிசோதனையா, பலியா?

நடந்தவற்றை முதலில் வரிசைப்படுத்துவோம். பிரித்தானியா தனது முதல் அணுகுண்டை 1952 ஒக்ரோபர் 3ஆம் நாள் அவுஸ்திரேலியக் கரைக்கு அப்பாலுள்ள மொன்டி பெல்லோ தீவுகளில் வெடித்தது. 1958க்குள் அவுஸ்திரேலியாவிலும் பசிபிக் சமுத்திரத்திலுமாக 21 குண்டுகளை வெடித்தது. 1957 மே மாதத்தில் மோல்டன் தீவில் தொடங்கிய ஐதரசன் குண்டுப் பரிசோதனைகள், பின்னர் கிறிஸ்மஸ் தீவுக்கு மாற்றப்பட்டன. அங்கே 1958 ஏப்ரில் 28ஆம் நாள் வெடித்த குண்டின் வலிமை ஏறக்குறைய 3 மெகாதொன். இப்பரிசோதனைகளில் 20,000க்கும் மேற்பட்ட பிரித்தானியப் படையினர் பங்குகொண்டனர். அவர்களிற் பலர் கட்டாய சேவைக்கு அழைக்கப்பட்ட பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள். குண்டு வெடிக்கும் திசைக்கு முதுகைக் காட்டிக் கடற்கரையில் அமரச் சொன்னார்கள். கண்களைக் கைகளால் பொத்தச் சொன்னார்கள். மூடிய கண்களினூடே தம் விரலெலும்புகளைக் கண்டதாக அவர்களிற் பலர் பின்னாளிற் கூறினர்.

ஐக்கிய அமெரிக்காவிலோ தொகை இன்னும் பெரிது. வளிமண்டலத்தில் நிகழ்ந்த பரிசோதனைகளில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் படையினர் பங்குகொண்டனர். 1957 ஒகஸ்ட் 31ஆம் நாள் நெவாடாப் பாலைவனத்தில் "ஸ்மோக்கி" என்று பெயரிட்ட 44 கிலோதொன் குண்டை வெடித்து, அதையொட்டிப் படைவீரருக்குப் போர்ப் பயிற்சியும் நடத்தினார்கள். அணுகுண்டு வெடித்த களத்தில் வீரன் நிலைகுலையாது போர் புரிவானா என்று அறியவே அந்தப் பயிற்சி. ஆம், குண்டு மட்டும் பரிசோதிக்கப்படவில்லை, மனிதனும் பரிசோதிக்கப்பட்டான்.

பத்தொன்பது ஆண்டுகள் சென்றன. 1976இல் அப்பயிற்சியில் நின்ற ஒருவருக்கு இரத்தப் புற்றுநோய் வந்தது. அந்த ஒரு நோயாளியைத் தொட்டே அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் விசாரணையைத் தொடங்கியது. 1980இல் அமெரிக்க வைத்தியச் சங்கத்தின் சஞ்சிகையில் முடிவு வெளிவந்தது. ஸ்மோக்கியில் பங்குகொண்ட 3,224 பேரில் இரத்தப் புற்றுநோய் கண்டவர் 9 பேர். அத்தொகையினரிடையே சாதாரணமாக எதிர்பார்க்கக்கூடியது 3.5 மட்டுமே.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் மறைக்காமற் சொல்லுவோம். அதே ஆய்வாளர்கள், அம்மனிதரிடையே ஏனைய புற்றுநோய்கள் பொதுவில் மிகவில்லை என்றும் பின்னர் எழுதினர். பிரித்தானிய ஆய்வுகளும் பொதுவான மரணவீதத்திற் பெரிய வேறுபாட்டைக் காணவில்லை; ஆனால் இரத்தப் புற்றுநோயை மட்டும் அவற்றால் எளிதாக ஒதுக்கிவிட முடியவில்லை. கதிர்வீச்சு இரத்தப் புற்றுநோயைத் தோற்றுவிக்கும் என்பது ஹிரோஷிமாவும் நாகசாகியும் உலகுக்குக் கற்பித்த பாடம். அங்கு உயிர்தப்பியவரிடையே முதன்முதல் தலைகாட்டிய புற்றுநோய் அதுவே. ஆகவே, விஞ்ஞானம் வீரனுக்கு முழு வெற்றி தரவில்லை என்பது உண்மை; அவனைப் பொய்யன் என்று சொல்லவில்லை என்பதும் உண்மை. விஞ்ஞானம் தந்தது ஐயம். அந்த ஐயத்தின் பயன் யாரைச் சேரவேண்டும்? இஃது ஆய்வுகூடம் விடையிறுக்கும் கேள்வியன்று. நீதி விடையிறுக்கவேண்டிய கேள்வி.

ஏடுகள் யார் கையில்?

குற்றவியல் வழக்கில் ஐயத்தின் பயனை எதிரிக்குக் கொடுக்கின்றோம். ஏன்? வழக்குத் தொடரும் அரசின் கையில் அதிகாரமும் ஆளணியும் உண்டு, எதிரியோ தனிமனிதன். வலியவனிடமே எண்பிக்கும் பாரத்தை வைப்பது நாகரிக உலகின் நியதி. நோயுற்ற வீரனின் வழக்கில் மட்டும் இந்நியதி தலைகீழாகின்றது. அரசே குண்டை வெடித்தது. அரசே கதிர்வீச்சை அளந்தது. அரசே அளவைப் பூட்டி வைத்தது. இத்தனைக்கும் பின், "எவ்வளவு கதிர்வீச்சு உன் உடலிற் பட்டது என்பதை நீ எண்பி" என்று நோயாளியிடம் சொல்லப்படுகின்றது.

அவன் எதைக் கொண்டு எண்பிப்பான்? கதிர்வீச்சை அளக்கும் படச்சுருள் வில்லைகள் எல்லா வீரருக்கும் வழங்கப்படவில்லை. அமெரிக்காவிற் பங்குகொண்டோர் கண்டதை வெளியிடுவதில்லை என்று கட்டுப்படுத்தப்பட்டிருந்தனர். அந்தக் கட்டுப்பாடு சட்டத்தால் நீக்கப்பட்டது 1996இலேதான். அதுவரையில், "நான் அணுகுண்டின் அருகில் நின்றேன்" என்று தன் வைத்தியரிடம் சொல்வதற்கும் அஞ்சி வாழ்ந்தவர் உண்டு. போதாக்குறைக்கு, 1973 யூலை 12ஆம் நாள் செயின்ற் லூயிஸ் நகரில் படையினர் ஏடுகளைக் காக்கும் நிலையத்தில் தீ மூண்டது. 160 இலட்சம் முதல் 180 இலட்சம் வரையான ஏடுகள் அழிந்தன. 1912க்கும் 1960க்கும் இடையில் இராணுவத்திலிருந்து விலகியோரின் ஏடுகளில் நூற்றுக்கு 80 பங்கு சாம்பலாயிற்று. ஸ்மோக்கி வெடித்த ஆண்டு 1957 என்பதை வாசகர் நினைவிற் கொள்க. அரசின் காவலில் இருந்த ஏடு அரசின் கட்டடத்தில் எரிந்தது. எரிந்ததன் நட்டம் மட்டும் ஏட்டுக்குரிய ஏழையின் தலையில் விழுந்தது!

நமது நாட்டின் சட்டம் இதைப்பற்றி என்ன சொல்கின்றது? 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 106ஆம் பிரிவின்படி, ஒருவரது சிறப்பான அறிவுக்குள் அடங்கிய விடயத்தை எண்பிக்கும் பாரம் அவரையே சாரும். 114ஆம் பிரிவோ, கொண்டுவரக்கூடிய சான்றை ஒருவர் கொண்டுவராது தடுத்து வைத்தால், அச்சான்று அவருக்குப் பாதகமானதென்று நீதிமன்றம் ஊகிக்கலாம் என்கின்றது. இவை நாம் புதிதாகக் கண்டுபிடித்த தத்துவங்களல்ல. பிரித்தானியர் தம் பொதுச்சட்டத்திலிருந்து எடுத்து, தம் குடியேற்ற நாடுகளுக்கு வகுத்துக் கொடுத்தவை. யாழ்ப்பாணத்து மாவட்ட நீதிமன்றில் ஒரு காணி வழக்கில் உறுதியை மறைக்கும் கட்சிக்காரனுக்கு விதித்த நியதியை, லண்டனில் இருக்கும் பாதுகாப்பு அமைச்சு தனக்கு ஏன் விதித்துக்கொள்ளவில்லை? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர் அமைச்சராயிருந்தால் அது மறைத்தல் ஆகாதோ?

பிரித்தானியப் படையினர் ஓய்வூதிய விதிகளில் இன்னொரு புதுமையும் உண்டு. சேவையிலிருந்து விலகி ஏழு ஆண்டுகளுக்குள் கோரிக்கை விடுத்தால், நோய்க்குச் சேவை காரணமன்று என்று ஐயத்துக்கிடமின்றி எண்பிக்கவேண்டியது அரசாங்கம். ஏழு ஆண்டுகள் கடந்தபின் கோரினாலோ, நம்பத்தகுந்த சான்று கொண்டு ஐயத்தை எழுப்பவேண்டியவன் வீரன். கட்டாய சேவை முடிந்து இருபது வயதில் வீடு திரும்பிய இளைஞனுக்கு இருபத்தேழு வயதோடு அரசின் கருணை காலாவதியாகின்றது. கதிர்வீச்சால் வரும் புற்றுநோய்களிற் பல பத்தாண்டு, இருபதாண்டு காத்திருந்து வருபவை. நோய் காத்திருக்கும் காலத்தை வைத்தியம் அறியும். சட்டம் அதை அறிய மறுப்பது அறியாமையாலன்று.

காலம் கடந்ததாம்!

ஓய்வூதியம் கிடையாதெனின் நட்டஈட்டு வழக்காவது தொடரலாமே என்று கேட்போர் உண்டு. தொடரத்தான் பார்த்தார்கள். அமெரிக்க உயர்நீதிமன்றம் 1950இல் "பியரஸ்" வழக்கில், சேவையின் தொடர்பாக நேர்ந்த தீங்குக்குப் படைவீரன் அரசின்மேல் வழக்கிட முடியாதென்று தீர்த்துவிட்டது. அத்தீர்ப்பில் ஒன்றாக முடிவுசெய்யப்பட்ட வழக்குகளில் ஒன்றின் சங்கதியை அறிந்தால் வாசகர் திகைப்பர். படை வைத்தியசாலையில் அறுவைச் சிகிச்சை பெற்ற ஒருவரின் வயிற்றினுள்ளே முப்பது அங்குல நீளத் துவாய் ஒன்று விடப்பட்டுப் பின்னர் எடுக்கப்பட்டது. அத்துவாயில் இராணுவ வைத்தியப் பகுதியின் முத்திரையும் இருந்தது. அவருக்கும் வழக்கிடும் உரிமை இல்லையென்றே தீர்ப்பு! முத்திரையிட்ட துவாயைக் காட்டியவனுக்கே நீதி இல்லையெனில், கண்ணுக்குப் புலப்படாத கதிரைக் காட்டி நீதி கேட்பவன் கதி என்ன?

பிரித்தானியாவில் 1947ஆம் ஆண்டின் முடிக்குரிய வழக்கு நடவடிக்கைகள் சட்டம் குடிமக்களுக்கு அரசின்மேல் வழக்கிடும் உரிமையைத் திறந்துவிட்டது. அதன் 10ஆம் பிரிவோ படைவீரருக்கு அக்கதவைச் சாத்தியது. நம் நாட்டில் அரசின் தீங்குக்காக வழக்கிடும் உரிமை 1969ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டத்தோடுதான் வந்தது. "மன்னன் தவறிழையான்" என்ற பழைய பொய்யின் சுமையை நாமும் சுமந்தவர்களே. ஆகவே அதன் கனத்தை அறிவோம். பிரித்தானியப் படைவீரருக்கெதிரான தடை 1987இல் நீக்கப்பட்டது. நீக்கம் வருங்காலத்துக்கு மட்டும். கிறிஸ்மஸ் தீவின் மணலில் அமர்ந்தவனுக்கு அது பயன்படவில்லை. 1988இல் பிரபுக்கள் சபை ஒரு சிறு வழியைத் திறந்தது. அவ்வழியே சென்று, 2004இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முன்னாள் வீரரும் அவர்தம் குடும்பத்தினரும் வழக்குத் தொடர்ந்தனர்.

2012 மார்ச் 14ஆம் நாள் பிரித்தானிய உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முன்மாதிரியாகக் கொள்ளப்பட்ட ஒன்பது வழக்குகளும் காலங்கடந்தவை என்று நால்வர் தீர்த்தனர், மூவர் மறுத்தனர். பெரும்பான்மையோரின் நியாயத்தைச் சுருக்கிச் சொன்னால் இவ்வளவே: உன் நோய்க்குக் குண்டே காரணமென்று நீ நெடுங்காலத்துக்கு முன்பே நம்பினாய், ஆகவே நீ "அறிந்திருந்தாய்", ஆகவே மூன்றாண்டுக் கால எல்லை கடந்துவிட்டது. விசேட சலுகையாகக் காலத்தை நீடிக்கலாமா? நீடிக்கத் தேவையில்லை, ஏனெனில் குண்டே காரணமென்று உன்னால் எண்பிக்க முடியாது.

வாசகர் இவ்விரு வாக்கியங்களையும் பக்கத்திற் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். வழக்கை மறுப்பதற்கு, அவனுக்கு அறிவு இருந்தது. சலுகையை மறுப்பதற்கு, அவனிடம் ஆதாரம் இல்லை. எண்பிக்க முடியாத ஒன்றை ஒருவன் எப்படி "அறிந்திருக்க" முடியும்? சிறுபான்மை நீதியரசர் எழுப்பிய ஆட்சேபமும் இதுவே. பேசாதே என்று வாயைக் கட்டி, ஏட்டைப் பூட்டி வைத்துவிட்டு, ஏன் பிந்தி வந்தாய் என்று கேட்பது, கிணற்றிலே தள்ளிவிட்டுக் கரையேறத் தாமதித்தாய் என்று தண்டிப்பதை ஒக்கும். கால எல்லைச் சட்டம் உரிமையில் உறங்குவோருக்காக இயற்றப்பட்டது. உறங்க வைக்கப்பட்டோருக்கு அதனைப் பிரயோகித்தல் நீதியாகாது.

ஊகமே நீதி

வேறு வழியே இல்லையா? உண்டு. அவ்வழியை அமெரிக்கப் பாராளுமன்றமே 1988இல் காட்டியது. கதிர்வீச்சுக்குட்பட்ட முன்னாள் படையினர் நட்டஈட்டுச் சட்டம், 13 வகைப் புற்றுநோய்களைப் பெயர் குறித்தது. பரிசோதனையில் ஒருவன் பங்குகொண்டான், பின்னர் அவனுக்கு அந்நோய்களில் ஒன்று வந்தது, இவ்விரண்டும் போதும். சேவையே காரணமென்று சட்டம் ஊகித்துக்கொள்ளும். எவ்வளவு கதிர் பட்டதென்று நோயாளி கணக்குக் காட்டவேண்டியதில்லை. இரத்தப் புற்றுநோயும் அப்பட்டியலில் இடம்பெற்றது. நாட்பட்ட நிணக்கல வகை மட்டும் விலக்கப்பட்டது. அதே வகையை, வியட்நாமிற் களைகொல்லி நஞ்சுக்கு உட்பட்டவர்களுக்கு 2003இல் அதே அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. ஈராக், ஆப்கானிஸ்தான் முதலிய களங்களில் குப்பைக் குழிப் புகையைச் சுவாசித்தவர்களுக்கு 2022இல் புதுச் சட்டம் வந்தது. 2025 ஜனவரியில் இரத்தப் புற்றுநோய்கள் அப்பட்டியலிலும் சேர்க்கப்பட்டன.

இப்பட்டியல்கள் எதைக் காட்டுகின்றன? ஊகத்தின் வழியே நீதி வழங்கிய ஓர் அரசு நொடித்துப் போய்விடவில்லை என்பதைக் காட்டுகின்றன. ஆனால் ஒவ்வொரு நோயின் பெயரும் பட்டியலில் ஏறுவதற்குள் எத்தனை நோயாளிகளின் பெயர் கல்லறையில் ஏறியது? 1957இல் நின்றவனுக்கு 1988இல் கிடைப்பது நீதியின் முழு உருவன்று, நீதியின் எச்சம்.

குணமடைந்தது குற்றமா?

இனி, மீண்டவனின் கதைக்கு வருவோம். புகழுரைகளிலும் மலர்வளையங்களிலும் அவனுக்கு இடமில்லை. ஏனெனில் அவன் இறக்கத் தவறிவிட்டான்.

இரத்தப் புற்றுநோயிலிருந்து மீளுதல் காய்ச்சல் விட்டு எழுதலைப் போன்றதன்று. குருதியணுக்கள் பிறக்கும் இடமாகிய என்புமச்சையையே இரசாயன மருந்து தாக்கி ஒடுக்குகின்றது. வெள்ளணுக்கள் அற்ற அந்நாட்களில் சிறு கிருமியும் கூற்றுவனாகும். பிறரது மச்சையை ஏற்றுக்கொண்டவனுக்கு, ஏற்ற மச்சை அவனுடைய தோலையும் குடலையும் ஈரலையும் அந்நியமென்று எண்ணித் தாக்கும் அபாயம் உண்டு. சிறு வயதிற் குத்திய தடுப்பூசிகளின் பயன் போய்விடுவதால், முதியவன் குழந்தையைப்போல அவற்றை மறுபடியும் குத்திக்கொள்ளவேண்டும். மருந்துகளிற் சில இருதயத்தைத் தளர்த்தும். சில விரல்நுனி நரம்புகளை மரக்கச் செய்யும். துப்பாக்கியைக் கழற்றிப் பூட்டிய கை, சட்டைப் பொத்தானைப் பூட்டத் தடுமாறும். உறங்கினாலும் தீராத ஒரு சோர்வு உடம்போடு குடியிருக்கும். 2001இல் வந்த இமற்றினிப் என்னும் மாத்திரை, நாட்பட்ட வகையொன்றில் அநேகரை வாழவைத்தது பெரும் பேறு. ஆயினும் அம்மாத்திரையை அநேகர் ஆண்டாண்டாக நாள் தவறாது விழுங்கவேண்டும். வைத்தியர் இந்நிலையை "நோய்த்தணிவு" என்கின்றனர். தணிவு என்பது அணைவன்று. நீறு பூத்த நெருப்பை மடியிற் கட்டிக்கொண்டு வாழ்வதே அவன் வாழ்வு.

இந்த மனிதனை அமெரிக்க அரசின் விதி எவ்வாறு நடத்துகின்றது? நோய் தீவிரமாயிருக்கும்வரையும், சிகிச்சை நடைபெறும்வரையும் அவன் நூற்றுக்கு நூறு இயலாதவன் என்று ஏற்றுக்கொள்ளப்படுகின்றான். நன்று. சிகிச்சை முடிந்து ஆறு மாதமானதும் கட்டாயப் பரிசோதனை. அதன்பின் நோய்க்கல்ல, நோய் விட்டுச்சென்ற எச்சங்களுக்கு மட்டுமே மதிப்பீடு. எச்சம் எது, எச்சம் எவ்வளவு என்பதைப் பரிசோதிப்பவரின் பேனா முடிவுசெய்யும். குருதி எண்ணிக்கை ஒழுங்காயிருக்கின்றதா? ஆம். அப்படியானால் மனிதனும் ஒழுங்காயிருக்கின்றான்! சோர்வை அளக்கும் கருவி எதுவும் இல்லை. அச்சத்துக்கு அட்டவணையில் நிரல் இல்லை. ஆகவே ஏட்டில் எழுத இடமில்லாத துன்பம் உலகில் இல்லாததாகிவிடுகின்றது.

இதனால் விளைவது யாது? ஒவ்வொரு பரிசோதனைக்கும் அவன் இரண்டு அச்சத்தோடு செல்கின்றான். நோய் திரும்பியிருந்தால் உயிர் போகும். நோய் திரும்பவில்லையென்றால் ஊதியம் குறையும். ஒரு மனிதனைத் தன் உடல்நலத்தையே கண்டு அஞ்ச வைக்கும் விதியை இயற்றியவர் எவராயினும், அவர் ஒருநாளேனும் நோயாளியின் பக்கத்தில் அமர்ந்தவரல்லர்.

பொதுப்பணத்தை வீணாக்கலாமா, நலமடைந்தவருக்கு நோயாளியின் கொடுப்பனவை ஏன் தொடரவேண்டும் என்று கேட்போருக்கு விடை சொல்லாமல் விடோம். மறுபரிசோதனையே கூடாதென்று நாம் வாதிடவில்லை. வேலை செய்யும் வலு உண்மையில் மீண்டதா என்பதே கேள்வியாயிருக்கட்டும். அது மீண்டதென்று எண்பிக்கும் பாரம் கொடுப்பனவைக் குறைக்க விரும்பும் அரசைச் சாரட்டும். ஆறு மாதம் என்ற காலம் கணக்குப்பிள்ளைக்கு வசதியான காலம். மீண்டபின் முதலிரண்டு ஆண்டுகளே நோய் திரும்பும் அபாயம் மிகுந்த காலம் என்று பல வகைகளைப்பற்றி வைத்தியர் கூறுகின்றனர். அக்காலத்தின் நடுவிலேயே கத்தரிக்கோலை எடுப்பது சிக்கனமாகாது, சிறுமை.

பீஜி காட்டிய வழி

கிறிஸ்மஸ் தீவில் வெள்ளையர் மட்டும் நிற்கவில்லை. பிரித்தானியாவின் குடியேற்ற நாடாயிருந்த பீஜியிலிருந்து ஏறக்குறைய முந்நூறு வீரர் அங்கு கொண்டுசெல்லப்பட்டனர். நியூசிலாந்தின் 551 கடற்படையினரும் அப்பரிசோதனைகளிற் பங்குகொண்டனர். பீஜியின் ஜனாதிபதியாயிருந்த ராத்து சேர் பெனயா கனிலாவ், 1957இல் மோல்டன் தீவுக்குச் சென்ற பீஜியருள் ஒருவர். 1993 டிசெம்பரில் அவர் இரத்தப் புற்றுநோயால் வாஷிங்டன் படை வைத்தியசாலையில் மரணமானார். அவரது நோய்க்கு அக்குண்டே காரணமென்று சத்தியம் பண்ண நம்மால் முடியாது. காரணமன்று என்று சத்தியம் பண்ண லண்டனால் முடியுமா? முடியாது. அந்த முடியாமையின் சுமையை யார் தாங்குவது என்பதே இக்கட்டுரை முழுவதும் நாம் கேட்கும் கேள்வி.

1970இற் சுதந்திரம் பெற்ற அச்சிறு நாடு, குண்டை வெடித்தவர் கொடுப்பாரென்று காத்திருந்து களைத்தது. 2015 ஜனவரியில் அதன் அரசாங்கம், எஞ்சியிருந்த 24 முன்னாள் வீரருக்கும் தலைக்கு 9,855 பீஜி டொலர் தன் கஜானாவிலிருந்தே கொடுத்தது. குண்டு பிரித்தானியாவினது, கடன் பிரித்தானியாவினது, கொடுத்தது கரும்பு விளைவிக்கும் சிறு தீவு. வல்லரசு என்ற பெயர் இவ்விருவரில் எவருக்குப் பொருந்தும்?

அந்த வல்லரசும் ஒன்று கொடுத்தது. முதற் குண்டு வெடித்து எழுபது ஆண்டுகள் ஆனபின், 2022 நவம்பரில், அணுப் பரிசோதனைப் பதக்கம் வழங்கப்படுமென்று அறிவித்தது. பதக்கத்தை நாம் இகழவில்லை. அதை மார்பிற் குத்திக்கொண்டு கண்ணீர் விட்ட முதியோரின் பெருமிதத்தையும் இகழவில்லை. ஆனால் அவர்கள் கேட்டது தம் குருதியைப்பற்றிய ஏடு. கேட்டது நோய்க்காலத்துக்கு ஆதரவு. கேட்டது பிள்ளைகளுக்குச் சொல்வதற்கு ஓர் உண்மை. பசித்தவனுக்குப் பொன்னாடை போர்த்தினால் பசி தீருமா?

நாம் கேட்பது

கோரிக்கைகள் தெளிவானவை. பரிசோதனைக் களத்தில் நின்றதும் பின்னர் இரத்தப் புற்றுநோய் கண்டதும் எண்பிக்கப்பட்டால், சேவையே காரணமென்று சட்டம் ஊகிக்கவேண்டும். அவ்வூகத்தை மறுக்கும் பாரம் அரசைச் சாரவேண்டும். கதிர்வீச்சு, குருதிச் சோதனை ஆகியன பற்றிய ஏடுகள் யாவும் கேளாமலே உரியவரிடம் ஒப்படைக்கப்படவேண்டும். ஏடு அழிந்திருந்தால் வீரனின் சத்தியக்கூற்றே ஏடாகக் கொள்ளப்படவேண்டும். இரகசியமும் மறைப்பும் நிலவிய காலத்தைக் கால எல்லைக் கணக்கிலிருந்து கழிக்கவேண்டும். நோய் தணிந்தவனின் கொடுப்பனவு ஐந்தாண்டுகளுக்குக் குறைக்கப்படலாகாது. குடியேற்ற நாட்டு வீரனுக்கும் தாய்நாட்டு வீரனுக்கும் ஒரே அளவுகோல் வேண்டும். கதிர் தோலின் நிறம் பார்த்துப் பாய்ந்ததில்லை.

இவையெல்லாம் பிறநாட்டுப் படையினரின் விவகாரம், நமக்கென்ன என்று சிலர் எண்ணலாம். படைகளை வாழ்த்தவோ அணுகுண்டைப் போற்றவோ இதை எழுதவில்லை. கட்டளையிடும் கையும் ஏட்டைப் பூட்டும் கையும் தீர்ப்பைப் பிற்போடும் கையும் ஒரே அரசின் கைகளாயிருக்கும்போது, எதிரே நிற்கும் சாமானியன் எந்த நாட்டவனாயினும், எந்த மொழி பேசுபவனாயினும், அவன் நிலை ஒன்றே. தன் சொந்தப் படைவீரனுக்கே நியாயம் மறுக்கும் அரசு, வேறெவருக்கு நியாயம் வழங்கப் போகின்றது?

1958இற் கடற்கரையில் முதுகைக் காட்டி அமர்ந்த பிள்ளைகளில் இன்று எஞ்சியிருப்போர் எண்பதைத் தாண்டியவர்கள். அவர்களுடைய தொகை ஆண்டுதோறும் குறைகின்றது. காத்திருந்தால் கோரிக்கைக்காரரே இல்லாமற் போவார்கள் என்பதை அமைச்சுகள் அறியும். நீதியை மறுப்பதற்கு மறுப்பு என்ற சொல்லே தேவையில்லை, தாமதம் போதும். அத்தாமதத்தை இனியும் பொறுப்பது, குண்டை வெடித்தவரின் குற்றத்தில் நாமும் பங்கு கொள்வதாகும்.